பெரியப்பாவின் ரிவோல்வர்: பாகங்களை மாற்றுவதா, இருந்தபடி விடுவதா?

குளக்கட்டு (ஒட்டுசுட்டான்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன். துவக்குகளைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனது மூத்த அண்ணர் 1960களின் கடைசியில் படிக்கவென்று அமெரிக்கா போய், அரிசோனா மாநிலத்திலேயே தங்கிவிட்டவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. சென்ற ஆண்டு அவர் காலமான பின்னர், டெக்சாஸில் வேலை செய்யும் எனது மகனுக்கு அவர் எழுதிவைத்திருந்த பொருட்களுள் ஒரு பழைய ரிவோல்வரும் இருந்தது தெரியவந்தது. ரூகர் நிறுவனத்தின் பிளாக்ஹோக் என்ற வகை. அண்ணர் அதை 1971ஆம் ஆண்டு வாங்கிய பற்றுச்சீட்டு இன்னமும் பெட்டிக்குள் இருக்கிறது. கூடவே குழல் துடைக்கும் கம்பி ஒன்றும், எண்ணெய்க் குப்பி ஒன்றும், சில இரும்புத் துண்டுகள் போட்டுக் கட்டிய சிறிய பொலித்தீன் பை ஒன்றும் இருந்தன என்று மகன் படம் எடுத்து அனுப்பினான்.

சிக்கல் இதுதான். 1973இற்கு முன்னர் செய்யப்பட்ட அந்த வகை ரிவோல்வர்கள் கைதவறி விழுந்தால் தாமாக வெடிக்கக்கூடும் என்றும், உற்பத்தி செய்த நிறுவனமே உள்ளே சில பாகங்களைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்கிறது என்றும் மகன் வாசித்திருக்கிறான். ஆனால் அப்படி மாற்றினால் பழம்பொருளுக்குரிய மதிப்புப் போய்விடும் என்று வேறு சிலர் எழுதுகிறார்களாம். பெரியப்பாவின் கை பட்ட பொருளில் ஓர் ஆணியைக்கூட மாற்ற அவனுக்கு மனமில்லை. நான்கு வயதுப் பேத்தி ஓடித் திரியும் வீட்டில் அதை அப்படியே வைத்திருக்க மருமகளுக்குச் சம்மதமில்லை. எனது மனைவியோ, மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளைக் கழற்றி எடுக்கும்வரை சொந்தக் காணிக்குள் கால் வைக்கப் பயந்திருந்த நாங்கள், பிள்ளையின் வீட்டுக்குள் ஒரு துவக்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோமே என்று என்னோடு இரண்டு நாட்களாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

மாற்றுவது நல்லதா, விடுவது நல்லதா என்று மகன் என்னிடம் முடிவு கேட்கிறான். என் மனத்தின் ஓரத்தில் வேறோர் எண்ணமும் உண்டு: என்றாவது அதை இங்கே கொண்டுவந்து அண்ணரின் படத்துக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியுமா? அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி (நெடுங்கேணி, இப்போது அமெரிக்காவில்) எழுதியது:

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். பதினான்கு ஆண்டுகளாகத் துப்பாக்கி திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறேன். நீங்கள் சொல்லும் வகை மாதத்துக்கு ஒன்றாவது எங்கள் மேசைக்கு வரும்.

மாற்றுவதா விடுவதா என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் மகன் அங்கே எந்த விசாவில் இருக்கிறார்? மாணவர் விசா, வேலை விசா போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விதிவிலக்குகள் இல்லாவிட்டால், அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கவே கூடாது. மரணசாசனப்படி வந்தது என்பதால் அந்தத் தடை நீங்காது. கிரீன் கார்ட் உள்ளவருக்கு அந்தத் தடை இல்லை. தற்காலிக விசாவென்றால் பெட்டியை இனித் தொடாமல் முதலில் ஒரு சட்டத்தரணியிடம் பேசச் சொல்லுங்கள். நம்மவர்கள் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

இனி இயந்திரத்துக்கு வருவோம். ரூகர் நிறுவனம் 1953 முதல் 1972 வரை செய்த ஒற்றைவிசை ரிவோல்வர்களின், அதாவது ஒவ்வொரு முறை சுடுவதற்கு முன்னும் குதிரையை (பின்புறமுள்ள அடிக்கும் சுத்தியை) கையால் இழுக்க வேண்டியவற்றின், வடிவம் 1873ஆம் ஆண்டின் கோல்ட் ரிவோல்வரைப் பின்பற்றியது. குதிரை இறங்கி ஓய்ந்திருக்கும்போது அதன் முகம் அடியூசியில் (தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசியில்) நேராகப் படிந்திருக்கும். அடியூசியின் நுனிக்கு முன்னால் தோட்டாவின் கேப்பு (அடிபட்டால் தீப்பற்றும் சிறு மூடி) இருக்கும். அந்த நிலையில் ரிவோல்வர் குதிரைப் பக்கமாகத் தரையில் விழுந்தால், விசையை (விரலால் இழுக்கும் பாகத்தை) எவரும் தொடாமலே வெடிக்கக்கூடும். குதிரையைச் சற்றே பின்னிழுத்து நிறுத்திவைக்க ஒரு வெட்டு உண்டு. ஆனால் பலமான அடியில் அந்த வெட்டின் விளிம்போ விசையின் நுனியோ முறிந்துபோகும் என்பதால் அதை நம்ப முடியாது. பலர் காயப்பட்டு வழக்குகளும் எழுந்தன. 1973இல் நிறுவனம் வடிவத்தையே மாற்றியது.

புதிய வடிவத்தில் குதிரையின் முகம் அடியூசியை எட்டவே எட்டாது. இடையில் ஒரு தட்டையான உருக்குத் துண்டு இருக்கிறது. ட்ரான்ஸ்பர் பார் என்பார்கள். குதிரையைப் பின்னிழுக்கும்போது அது மேலேறி வரும்; விசையை இழுத்துப் பிடித்திருந்தால் மட்டுமே மேலே நின்று குதிரையின் அடியை அடியூசிக்குக் கடத்தும். விரலை எடுத்தால் கீழே இறங்கிவிடும். பிறகு குதிரைமீது சுத்தியலால் அடித்தாலும் அந்த அடி ஊசிக்குப் போகாது. பழைய ரிவோல்வர்களுக்கும் இதே ஏற்பாட்டைப் பொருத்திக் கொடுக்கும் வேலையை நிறுவனம் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆரம்பித்தது. இன்றும் இலவசமாகவே செய்கிறது. பாகங்களைத் தனியே விற்பதில்லை, தொழிற்சாலைக்கே அனுப்ப வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை எறியாமல் ஒரு பையில் போட்டு உரிமையாளருக்கே திருப்பி அனுப்புவார்கள்.

இந்தக் கடைசி வரியை எழுதும்போதுதான் உங்கள் பொலித்தீன் பை நினைவுக்கு வருகிறது. அதற்குள் இருப்பவை என்ன என்று மகனிடம் கேட்டீர்களா? சட்டகத்தின் பக்கத்தில் மூன்று திருகாணிகள் தெரிந்தால் அது பழைய வடிவம். ஆனால் பாகங்களை மாற்றிய பின்னரும் அந்த மூன்று திருகாணிகள் அப்படியேதான் இருக்கும் என்பதால், வெளித்தோற்றத்தைக் கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்பதை ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து உறுதிசெய்த பிறகு, குழலைப் பாதுகாப்பான திசையில் பிடித்துக்கொண்டு குதிரையை மெதுவாகப் பின்னிழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் முன்னால் கீழிருந்து ஒரு தகடு ஏறி வருகிறதா என்பதை எழுதுங்கள். அவருக்குப் பழக்கமில்லையென்றால் அருகிலுள்ள பட்டறைக்காரர் ஒருவர் பார்ப்பது அதைவிட நல்லது.

பாலையடி (மாங்குளம்) எழுதியது:

ரூகரையும் கோல்டையும் நான் கண்டதில்லை. ஆனால் திருகாணி எழுதிய அந்தக் 'குதிரை ஓய்ந்திருக்கும் நிலை' பற்றி வன்னியில் இடியன் துவக்கு வைத்திருந்த எந்த வீட்டைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்கள் அப்புவிடம் ஓர் இடியன் இருந்தது. வாய்ப்பக்கமாக மருந்து போட்டு, தும்பு வைத்து இடித்து, சன்னம் போட்டு, மறுபடி தும்பு வைத்து இடித்து, கடைசியாக முலைக்காம்பு போன்ற சிறு குழாயின்மேல் கேப்பைக் குத்துவார். கேப்பைக் குத்திய பிறகு குதிரையை எங்கே நிறுத்துவது என்பதுதான் பிரச்சினை. முழுதாக இழுத்தபடி நடக்க முடியாது. முழுதாக இறக்கினால் கேப்பின்மேல் படிந்திருக்கும். பாதியில் நிறுத்தும் வெட்டு எங்கள் துவக்கில் தேய்ந்துபோயிருந்தது. 1978ஆம் ஆண்டு பெரும்போகத்தில், பன்றிக் காவலுக்குப் பரணில் இருந்தபோது, குதிரை இறங்கிய நிலையில் காலோடு சாத்தி வைத்திருந்த துவக்கு வழுக்கி ஏணிப் படியில் குதிரை அடிபட வெடித்தது. சன்னம் முழுவதும் பரணின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அப்புவின் இடது காது அதன் பிறகு சரியாகக் கேட்கவில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது. கூரையில் கிடந்த ஓட்டையினூடாக நிலவு தெரிந்தது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு அப்பு துவக்கைத் திருத்தக் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு ஆளும் இல்லை. கேப்புகளை ஒரு சித்தாலேப டப்பிக்குள் போட்டு மடியில் வைத்துக்கொள்வார். பன்றி வேலியை முட்டும் சத்தம் கேட்ட பிறகுதான் டப்பியைத் திறப்பார். இருட்டில் தடவிக் கேப்பைக் குத்தி முடிப்பதற்குள் பல நாள் பன்றி போய்விடும். "போனால் உழுந்துதானே போகும்" என்பார்.

நான் சொல்ல வருவது, இரும்பை மாற்றாமலே பழக்கத்தை மாற்றியும் அந்த ஆபத்தைத் தவிர்க்கலாம். ஆனால் அந்தப் பழக்கம் அப்புவிடம் மட்டுமே இருந்தது. ஒருநாள் சின்னையா அதே துவக்கை எடுத்துக்கொண்டு போனார். டப்பியை வாங்கிப் போனவர் திரும்பி வரும்போது கேப்பைக் கழற்ற மறந்து, அப்படியே கொண்டுவந்து மூலையில் சாத்தினார். அம்மாதான் கண்டார்.

மூன்று_ஆணி (வவுனியா, இப்போது கனடாவில்) எழுதியது:

நான் மாற்றுக் கருத்தைச் சொல்கிறேன். பழம்பொருளைச் சேர்ப்பவர்கள் மாற்றப்படாத ரிவோல்வரையே தேடுகிறார்கள். மாற்றிய ஒன்றுக்கும் மாற்றாத ஒன்றுக்கும் விலையில் நல்ல வித்தியாசம் உண்டு. விலையை விடுங்கள். மாற்றிய பிறகு விசை இழுப்பு முன்னரைப் போல இலேசாக இருக்காது, கரகரக்கும் என்பது பரவலான குறை. கோல்ட் காலத்திலிருந்து மக்கள் செய்துவந்தது எளிமையான வேலை: ஆறு அறைகளில் ஐந்தில் மட்டும் தோட்டாவைப் போட்டு, குதிரைக்கு நேரே வெற்றறை வரும்படி வைத்தார்கள். பாலையடி ஐயாவின் டப்பியும் அதே தத்துவந்தான்.

மாற்றம் என்றாலே நன்மை என்ற எண்ணமும் தவறு. இங்கிலாந்தின் வெப்லி ரிவோல்வர்களை எடுத்துக்கொள்ளுங்கள். .455 தோட்டாவுக்கென்று செய்யப்பட்ட அவற்றின் உருளையை (தோட்டா அறைகள் உள்ள சுழலும் பாகத்தை) பின்பக்கம் சீவி, அமெரிக்காவில் எளிதாகக் கிடைத்த .45 ஏசிபி தோட்டாவைப் போடும்படி பலவற்றை மாற்றினார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் வெப்லி தாங்கவென்று செய்யப்பட்ட அளவைவிட மிக அதிகம். வசதிக்காகச் சீவிய உருளை வெடித்த கதைகள் உண்டு. ஐயாவின் மகன் இதை ஒருபோதும் சுடப்போவதில்லையென்றால் ஓர் ஆணியையும் தொடாமல் வைத்திருப்பதே பெரியப்பாவுக்குச் செய்யும் மரியாதை.

கச்சேரியடி (வவுனியா) எழுதியது:

மற்றவற்றை அறிந்தவர்கள் பேசட்டும். கண்ணாடிப் பெட்டி பற்றி மட்டும் சொல்கிறேன். அனுமதிப்பத்திர மேசையில் சில காலம் இருந்தவன் நான்.

ஆசிரியர் ஐயா, அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வைத்திருப்பது பாரிய குற்றம். படத்துக்குக் கீழே வைத்திருந்தோம், தோட்டா இல்லை, நினைவுப்பொருள் என்று சொல்வது எந்த நீதிமன்றத்திலும் எடுபடாது. அனுமதிப்பத்திரம் ஆளுக்கு உரியது, பொருளுக்கு உரியதல்ல. தகப்பனின் துவக்கு மகனுக்குத் தானாக வந்துசேராது. அங்கிருந்து ஏற்றவும் அனுமதி வேண்டும், இங்கே இறக்கவும் அனுமதி வேண்டும். பயிர்க் காவலுக்கு ஒரு சொட் கன் கேட்டு விண்ணப்பித்த விவசாயி எத்தனை தடவை நடந்தார் என்பதை நான் கண்ணால் கண்டவன். ஒட்டுசுட்டானில் ஒருவருக்கு அலங்காரமாக வைக்க ஒரு கைத்துப்பாக்கி வேண்டுமாம் என்று விண்ணப்பம் போனால் அதைத் தொடர்ந்து உங்கள் வீட்டுக்கு யார் யார் வருவார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. பற்றுச்சீட்டைச் சட்டம் போட்டு மாட்டுங்கள். அதில் அண்ணரின் கையெழுத்தும் இருக்கும்.

குளக்கட்டு மீண்டும் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மகனிடம் கிரீன் கார்ட் இருக்கிறது. அதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நேற்றிரவு அவன் அருகிலுள்ள பட்டறைக்கு ரிவோல்வரையும் பையையும் கொண்டுபோயிருக்கிறான். பட்டறைக்காரர் உருளையைக் கழற்றி எடுத்துவிட்டுக் குதிரையை இழுத்துக் காட்டினாராம். மகன் எடுத்த காணொளியை நானும் பார்த்தேன்: குதிரை பின்னால் போகப் போக, அதன் முன்னால் சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகிய, வெள்ளைவெளேரென்று மின்னும் ஒரு தகடு நிலத்திலிருந்து முளை கிளம்புவதுபோல மெதுவாக மேலே வந்தது. பைக்குள் இருந்தவை ஒரு பழைய குதிரையும், ஒரு பழைய விசையும், வேறு சில சிறு பாகங்களும். அண்ணரே எப்போதோ தொழிற்சாலைக்கு அனுப்பி மாற்றியிருக்கிறார். எங்களில் எவருக்கும் அவர் இதைச் சொன்னதில்லை. மாற்றுவதா விடுவதா என்று நாங்கள் மூன்று வாரமாகத் தொலைபேசியில் சண்டை பிடித்தது ஏற்கெனவே மாற்றப்பட்ட பொருளுக்காக.

ஆனால் கேள்வி தீரவில்லை, தலைகீழாகியிருக்கிறது. பழைய பாகங்கள் எல்லாம் கையில் இருப்பதால் அவற்றைத் திரும்பப் பொருத்தி 1971இல் இருந்த நிலைக்கே கொண்டுவரலாமே, அதுதானே உண்மையான பெரியப்பாவின் ரிவோல்வர் என்று மகன் கேட்கிறான். மூன்று_ஆணி எழுதியதை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியதன் விளைவு இது.

திருகாணி எழுதியது:

திரும்பப் பொருத்துவது கைக்கு எட்டாத வேலையல்ல; ஆனால் நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது, நானும் செய்துகொடுப்பதில்லை. பின்னர் ஏதாவது பழுதுக்கென்று தொழிற்சாலைக்கு அனுப்பினால், அவர்கள் மறுபடியும் பாதுகாப்புப் பாகங்களைப் பொருத்திய பின்னரே திருப்பித் தருவார்கள்.

1971இல் வாங்கியதும் அவர்தான்; பின்னொரு நாள் பெட்டியில் கட்டி அனுப்பி, காத்திருந்து வாங்கி, பழைய துண்டுகளை எறியாமல் முடிந்து வைத்ததும் அவர்தான். அந்த இரண்டாவது முடிவை அழித்துவிட்டு முதலாவதை மட்டும் அவருடையதென்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. விற்பதாக இருந்தால் பாகங்கள் பையோடு இருப்பதே வாங்குபவருக்குப் போதும். மூன்று_ஆணி சொல்லும் விலை வித்தியாசத்தில் ஒரு பகுதியாவது அந்தப் பையினால் ஈடாகும். ஐந்து தோட்டா மட்டும் போடும் பழக்கத்துக்குப் பாலையடி ஐயாவின் சின்னையாவே பதில்.

இதைவிட முக்கியமான ஒன்றை நான் முதல் பதிலிலேயே சொல்லத் தவறிவிட்டேன். மருமகள் பயப்படுவது ரிவோல்வர் மேசையிலிருந்து விழும் என்றல்ல. பேத்தி அதைக் கையில் எடுப்பாள் என்றுதான். அந்தத் தகடு விழுந்தால் வெடிப்பதைத் தடுக்குமேயொழிய, குதிரையை இழுத்து விசையையும் இழுத்தால் வெடிப்பதைத் தடுக்காது. இழுப்பது பெரியவரின் விரலா குழந்தையின் விரலா என்று அதற்குத் தெரியாது. நான்கு வயதுக் குழந்தைக்குப் பலம் போதாது என்று நினைப்பவர்கள், இரண்டு கைகளாலும் நெஞ்சில் முட்டுக்கொடுத்துக் குழந்தைகள் போத்தல் மூடியைத் திறப்பதைப் பார்த்ததில்லை. ஆகவே பாகங்களை மாற்றியதா மாற்றாததா என்பது மருமகளின் கேள்விக்குப் பதிலே அல்ல. சுவரோடு திருகிப் பொருத்தும் இரும்புப் பெட்டி. தோட்டா இருந்தால் அது வேறோர் இடத்தில், வேறொரு பூட்டில். திறப்பு குழந்தை அறியாத இடத்தில். சுடும் எண்ணமே இல்லையென்றால் தோட்டாவை வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

மூன்று_ஆணி எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். மாற்றப்படாத ஒன்றை மாற்ற வேண்டாம் என்றேனே தவிர, மாற்றியதைக் கழற்றச் சொல்லவில்லை. பையை எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டும் அதோடு இருக்கட்டும். கச்சேரியடி ஐயா மன்னிக்க வேண்டும், சட்டம் போடுவதற்கு நிழற்பிரதி போதும்.

குளக்கட்டு எழுதியது:

மகன் இரும்புப் பெட்டியை வாங்கிவிட்டான். அவன் ஆடைகள் வைக்கும் அறையின் சுவரில் அதைத் திருகிப் பொருத்தியதையும், ரிவோல்வரை உள்ளே வைத்துப் பூட்டியதையும் மருமகளே படம் எடுத்து அனுப்பினாள். பழைய பாகங்கள் உள்ள பை அந்தப் பெட்டிக்குள் இல்லை. மேசை இழுப்பறையில் பற்றுச்சீட்டோடு கிடக்கிறது. தோட்டா வாங்குவதில்லை என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறானாம்.

பாலையடி ஐயாவின் பரண் கதையை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். எனக்குத் தெரியாத ஒன்றை அப்போதுதான் அவர் சொன்னார். எங்கள் மாமா முறையான ஒருவரின் இடியன் கிணற்றடியில் விழுந்து வெடித்தபோது பக்கத்தில் நின்றவர் அண்ணர். அப்போது அவருக்குப் பதினாறு வயது. வலது கெண்டைக்காலில் இரண்டு சன்னம் கடைசிவரை இருந்ததாம். அண்ணர் எப்போதும் நீளக் காற்சட்டையே அணிந்ததற்கு அமெரிக்கப் பழக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.